பழைய மகிழுந்தும் பதிப்பு நெறியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிய சிறப்பமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் இதற்கு முன் நான் பேசிய பேச்செல்லாம் இலக்கியம் பற்றியவை. இம்முறை நம் செயலாளர் அவர்கள், "நூலகத்தில் கற்றதை நிறையக் கேட்டுவிட்டோம். வாழ்க்கையில் கற்றது ஏதேனும் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று அன்புக் கட்டளை இட்டார். எனவே, எங்கள் வீட்டுக் கொட்டகையில் மூன்றாண்டுகளுக்கு மேலாக அசையாமல் நின்ற பழைய காண்டசா மகிழுந்து ஒன்றை, மாதம் ஐயாயிரம் ரூபாய் எடுத்துவைத்துச் செப்பனிட்ட செய்தியை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். தமிழ் விரிவுரையாளருக்கும் மகிழுந்துப் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். பட்டறையில் இரண்டாண்டுகள் நின்ற பிறகு, நான் முனைவர் பட்டத்திற்குப் பயின்ற பாடத்தையே அங்கு மீண்டும் பயின்றதாக உணர்ந்தேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். காண்டசா, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் உருவாக்கிய மகிழுந்து. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனம் கைவிட்ட ஒரு வண்டியின் அச்சுகளை வாங்கி வந்து, 1984-இல் அதனை நம் சாலைகளுக்கு இறக்கினார்கள். நீண்ட முகம், அகன்ற இருக்கை, ஆழ்ந்த பெட்டி. அமைச்சர்களும் ஆலை முதலாளிகளும் மருத்துவர்களும் விரும்பிய வண்டி அது. ஆனால், தொடக்கத்தில் அந்தப் பெரிய உடலுக்குள் வைக்கப்பட்டது அம்பாசிடரின் 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரம். தேர் பெரியது, குதிரை சிறியது என்ற நிலை. பின்னர் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1,817 கன சென்டிமீட்டர் இயந்திரம் பொருத்தப்பட்டு, 'காண்டசா கிளாசிக்' என்ற பெயரில் வந்தபோதுதான் உடலுக்கு ஏற்ற உயிர் கிடைத்தது. 2002-இல் அதன் உற்பத்தி நின்றது.

இதே காலத்தில் நம் சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கேசல் ஆகிய வண்டிகளைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1985-இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற உயர்தர மகிழுந்தை வெளியிட்டது. அதன் உடல், 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய மகிழுந்தாகத் தேர்வுபெற்ற ரோவர் வண்டியின் உடல். உள்ளே இருந்ததோ பல்லாண்டுக்கு முற்பட்ட பழைய இயந்திரம். அழகுக்காக வாங்கியவர்கள் ஓட்டத்தில் ஏமாந்தனர். சில ஆண்டுகளிலேயே அந்த வண்டியின் கதை முடிந்தது. இரண்டு நிறுவனங்களும் பழைய இயந்திரத்தோடுதான் தொடங்கின. ஒன்று தன் உள்ளுறுப்பைத் திருத்திக்கொண்டது, பிழைத்தது. மற்றது திருத்திக்கொள்ளவில்லை, மறைந்தது. வெளியே தெரிவதற்கு முன் உள்ளே இருப்பதைச் சரிசெய்ய வேண்டும் என்னும் இந்தப் பாடத்தை வரலாறு 1985-லேயே எழுதி வைத்திருக்கிறது. நான் அதைப் படிக்காமல், பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வண்டி 1999-ஆம் ஆண்டினது. என் தந்தையார் பட்டுச் சேலை வணிகர். பெரிய முதலாளி அல்லர். கச்சாப் பட்டுக்காகப் பெங்களூருக்கும், சேலைக் கட்டுகளோடு காஞ்சிபுரத்திற்கும் சென்னைக்கும் போய் வரும் நடுத்தர வணிகர். வேறொருவர் பயன்படுத்திய அந்த வண்டியை வாங்கி, அதனை ஒரு தறியைப் பேணுவதுபோலப் பேணினார். தனியார் மகிழுந்தின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதும், அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி ஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்பதும் நீங்கள் அறிந்ததே. 2014-இல் ஒருமுறை புதுப்பித்தார். 2019 நவம்பரில் மறுமுறை புதுப்பித்தார். அடுத்த மாதமே காலமானார்.

அதன் பின் வண்டி கொட்டகையில் நின்றது. எலி கூடு கட்டியது. 2022-இன் இறுதியில் என் தம்பி, "அக்கா, காயலான் கடையில கேட்டேன். நாப்பதாயிரம் தரேன்றான். எடம் அடைச்சிக்கிட்டு நிக்குது, குடுத்துடலாம்" என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால், அம்மா அன்றிரவு உணவை எடுத்து வைத்துக்கொண்டே, "உங்கப்பா இருந்திருந்தா வருஷா வருஷம் ஆடியில படவேட்டுக்குக் கூட்டிம் போவாரு. அந்த வண்டியில ஒரு தரம் போய் வந்துட்டேன்னா, அப்பறம் யாருக்கு வேணாலும் குடுங்க" என்றார். அவருக்கு மூட்டுவலி. பேருந்துப் படி ஏற முடியாது. வாடகை வண்டியில் போய் வரலாமே என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

பதிவு 2024 நவம்பரில் முடிகிறது. கையில் இரண்டாண்டுகள். என் ஊதியத்தில் மாதம் ஐயாயிரத்திற்கு மேல் எடுக்க இயலாது. ஆக மொத்தம் 1,20,000 ரூபாய். இந்தக் கணக்கிற்குள் வண்டி ஓடவும் வேண்டும், தகுதி ஆய்வில் தேறவும் வேண்டும். தேறாவிட்டால் காயலான் கடைதான் என்று தம்பியிடம் ஒப்புக்கொண்டேன்.

அன்பர்களே, நான் செய்த முதற் பிழையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று மாதப் பணம் 15,000 சேர்ந்ததும், அதில் 14,000 ரூபாயை வண்ணம் பூசக் கொடுத்தேன். கதவுகளின் அடியிலும் படிக்கட்டு ஓரத்திலும் துரு தின்றிருந்தது. வண்டி பளபளப்பானால் வீட்டில் நம்பிக்கை பிறக்கும் என்று எண்ணினேன். அந்தப் பட்டறையில் துருவைச் சுரண்டிவிட்டு, ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்து, மேலே தேய்த்து, வண்ணம் அடித்துத் தந்தார்கள். அம்மா கூட வந்து தொட்டுப் பார்த்தார். ஆடி மாத மழை பெய்தது. வண்ணத்தின்மேல் அம்மைக் கொப்புளம்போல் வரிசையாக எழும்பின. விரலால் அழுத்தினேன். பட்டி பொரிந்து, கட்டியாகக் கையில் வந்தது. அதன் பின்னால் தகடு இல்லை, செம்பொடிதான் இருந்தது.

பட்டி நீரை உறிஞ்சும். துரு, காற்றும் நீரும் கிடைக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மேலே மூடினால் அது நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் பரவுகிறது. அப்போதுதான் என் ஆசிரியத் தொழில் எனக்கு நினைவுக்கு வந்தது.

தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த செய்தி இந்த அவை அறிந்தது. கரையான் தின்ற ஏடுகள், ஒடிந்த ஓலைகள், எழுத்து மறைந்த இடங்கள். அவருக்கிருந்த புலமைக்கு, விடுபட்ட ஒரு சீரையோ அடியையோ தாமே புனைந்து நிரப்புவது அரிய செயலன்று. படிப்பவர் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். புறநானூற்றில் 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் பாடலின்றியே நிற்கின்றன. சிதைந்த அடிகளின் இடத்தில் புள்ளிகள் நிற்கின்றன. இல்லாததை இல்லை என்று காட்டுவதே பதிப்பறம். பட்டி வைத்து அடைப்பது அதன் நேர் எதிர். இதை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் நான், சொந்த வண்டியில் இடைச்செருகல் செய்திருந்தேன்.

அதன்பின் வேறொரு பட்டறைக்குச் சென்றேன். ஐம்பதாண்டுக் காலமாக இத்தொழிலில் இருக்கும் ஒரு பெரியவர். அம்பாசிடர் காலத்திலிருந்தே கை பழகியவர். நான் 'மகிழுந்து' என்றேன், அவர் 'வண்டி' என்றார். அதன் பின் நானும் 'வண்டி' என்றே சொல்லப் பழகிக்கொண்டேன். எஞ்சினைப் பற்றி நான் பேசத் தொடங்கியதும் கையமர்த்தினார். "டீச்சரம்மா, வண்டிய மொதல்ல நிறுத்தக் கத்துக்கணும். ஓட்டறது அப்பறம்" என்றார். "சரிங்க பாய்" என்று நானும் தலையசைத்தேன். அந்த ஒரு தொடரே என் செலவுத் திட்டம் முழுவதற்கும் நூற்பாவாயிற்று. வரிசை இதுதான்: நிற்பது, மூச்சு, ஓட்டம், ஒளி, உடல், இறுதியில் அழகு.

முதலாவது, நிற்பது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ஈரம் உள்ளே உள்ள உருளைகளைத் துருப்பிடிக்கச் செய்யும். எங்கள் வண்டியில் இரண்டு சக்கரங்கள் பிடித்தது பிடித்தபடி இறுகிக் கிடந்தன. ரப்பர் வளையங்கள், குழாய்கள், எண்ணெய் அனைத்தும் புதியனவாக மாற்றப்பட்டன. சக்கர உறை ஐந்தும் மாற்ற நேர்ந்தது. அவற்றில் தேய்மானம் குறைவாகவே இருந்தது. எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். பெரியவர் உறையின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைக் காட்டினார். முதல் இரண்டு இலக்கம் அது செய்யப்பட்ட வாரம், பின் இரண்டு இலக்கம் ஆண்டு. '2213' என்றால் 2013-ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரம். பத்தாண்டு முதிர்ந்த ரப்பர், பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் உள்ளே வெடித்திருக்கும். நிற்பதற்கு மட்டும் 34,000 ரூபாய் ஆயிற்று. இதில் ஒரு காசும் குறைக்க அவர் இசையவில்லை.

இரண்டாவது, மூச்சு. பெட்ரோல் தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது தேநீர் நிறத்தில் கசண்டு வந்தது. இப்போது நம் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 2025-இல் அது 20 விழுக்காடு அளவை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும், பழைய ரப்பர் குழாய்களை இளக்கும். ஆகவே 1999-இன் குழாய்கள் முழுவதையும் நீக்கி, எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்தினோம். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினோம். பழைய வண்டி வைத்திருப்போர் யாரேனும் இந்த அவையில் இருந்தால், வேறெதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். கசியும் பெட்ரோல் குழாய் சூடான இயந்திரத்தின் மேல் செல்கிறது என்பதை மறவாதீர்கள்.

அடுத்தது ரேடியேட்டர். இங்கேதான் என் தந்தையாரின் குறிப்பேடு உதவிக்கு வந்தது. சேலைக் கணக்கு எழுதும் அதே நீள ஏட்டின் பின்பக்கத்தில், வண்டிக்குச் செய்த செலவு ஒவ்வொன்றையும் நாள், கிலோமீட்டர், தொகை என்று எழுதி வைத்திருந்தார். ஒரு சுவடியைப் படிப்பதுபோல் அதனைப் படித்தேன். 2011-க்கு முன், ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கு வந்தது. அதற்குப் பின் ஏழு. இடையில் ஒரு வரி: 'ஹீட் ஆகுது. தெர்மோஸ்டாட் எடுத்தாச்சு.' அந்த வரியைப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார்.

தெர்மோஸ்டாட் என்பது, இயந்திரம் உரிய வெப்பத்தை அடையும்வரை நீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் சிறு கதவு. நம் ஊர்ப் பட்டறைகளில் வண்டி சூடானால் அதைக் கழற்றி எறிவது பழைய வழக்கம. கதவு இல்லாவிட்டால் இயந்திரம் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். உண்மையான நோய் ரேடியேட்டர் அடைப்பு. மருந்து கொடுத்ததோ வேறிடத்திற்கு. ரேடியேட்டரின் உட்பகுதியை மாற்றி, தெர்மோஸ்டாட்டை மீண்டும் வைத்தோம். மூச்சுக்கு ஆன செலவு 16,500.

மூன்றாவது, ஓட்டம். முன்பே ஓரிடத்தில், "எஞ்சினை முழுசா இறக்கிப் போர் போடணும், எழுபதாயிரம் ஆகும்" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருந்தார்கள். எழுபதாயிரம் என்றால் என் திட்டம் அத்தோடு முடிந்தது. பெரியவர் அளந்து பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன் என்றார். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் அழுத்தமானியைப் பொருத்தி, இயந்திரத்தைச் சுழலவிட்டார். முதல் சிலிண்டரும் நான்காவதும் 140-ஐ ஒட்டிக் காட்டின. நடுவிலுள்ள இரண்டும் தொண்ணூறைத் தாண்டவில்லை. பிறகு, அழுத்தம் குறைந்த சிலிண்டர்களில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் அளந்தார். அளவு உயரவில்லை.

இதன் பொருளை அவர் விளக்கிய முறை எந்த உரையாசிரியருக்கும் குறைந்ததன்று. பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால், ஊற்றிய எண்ணெய் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும், அழுத்தம் ஏறும். ஏறவில்லை. எனவே வளையம் நன்றாக இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் ஒரே அளவாகக் குறைகிறது என்றால், அவற்றிற்கு இடையே உள்ள கேஸ்கெட் எரிந்திருக்க வேண்டும். ஹெட்டைத் திறந்தபோது, அவர் சொன்ன இடத்திலேயே கறுத்த வாய்க்கால் ஒன்று தெரிந்தது. ஹெட்டைக் கடைசல் பட்டறையில் சமன்செய்து, வால்வுகளைத் தேய்த்து அமர்த்தி, புதிய கேஸ்கெட் வைத்ததில் 19,500 ரூபாயில் வேலை முடிந்தது. அரைமணி நேரம் அளந்ததால் ஐம்பதாயிரம் ரூபாய் மிஞ்சியது. ஏடுகளை ஒப்பிடாமல் திருத்தம் செய்யாதே என்று நாம் சொல்வதன் விலை இன்னதென்று அன்று கணக்காகவே பார்த்தேன்.

உதிரிகளுக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். உற்பத்தி நின்று இருபதாண்டு கடந்த வண்டி. ஆனால், தனித்து நிற்கும் நூலுக்கும் இனநூல் உண்டல்லவா? 1990-களில் அம்பாசிடரிலும் இதே இசுசு இயந்திரத்தைப் பொருத்தி விற்றார்கள். ஆகவே இயந்திர உதிரி என்று வரும்போது 'காண்டசாவுக்கு இருக்கிறதா' என்று கேட்பதைவிட 'அம்பாசிடர் 1800-க்கு இருக்கிறதா' என்று கேட்டால் கடைக்காரர் முகம் மலரும். சென்னையில் புதிய உதிரிகளுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும், பழையவற்றுக்குப் புதுப்பேட்டைக்கும் நான்கு முறை சென்றேன். பழுதான உறுப்பைத் துணியில் சுற்றிக் கைப்பையில் எடுத்துச் செல்வேன். பெயர் சொல்லிக் கேட்டால் ஏமாறுவோம், உறுப்பைக் காட்டிக் கேட்டால் ஏமாற மாட்டோம். கதவுப்பிடி, கண்ணாடி ஏற்றும் கருவி, விளக்குக் கூடு ஆகியவற்றைப் பழையனவாக வாங்கலாம். பிரேக் ரப்பர், குழாய், பெல்ட், சக்கர உறை ஆகியவற்றைப் பழையனவாக வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

நான்காவது, ஒளி. எலி கடித்த கம்பிகளை மாற்றி, புதிய மின்கலம் வைத்ததற்கு 9,000.

ஐந்தாவது, உடல். மீண்டும் துருவிடம் வந்தேன். இம்முறை தொடங்கும் முன்பே பெரியவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். "பாய், அடிச்சட்டம் அரிச்சிருந்தா மறைக்காம சொல்லிடுங்க. காயலான் கடைக்கே அனுப்பிடறேன்." ஏனெனில், வண்டியின் பாரத்தைத் தாங்கும் சட்டமே அரித்திருந்தால், அதில் வயதான தாயை அமரவைப்பது பாசமன்று, குற்றம். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலின் பின்புறத்தால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டினார். கெட்டி ஒலியும் பொத்தல் ஒலியும் எனக்கே வேறுபாடு தெரிந்தது. ஓட்டுநர் காலடித் தகடும் இரு கதவுகளின் அடிப்பகுதியும் மட்டுமே போயிருந்தன. சட்டம் நன்றாக இருந்தது. அந்தப் பதினைந்து நிமிடம் நான் தேர்வு முடிவுக்குக் காத்திருந்த மாணவியைப் போல நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அரித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, புதிய தகட்டை ஒட்டவைத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன்பின் வண்ணம் பூசினார்கள். நம் நெசவாளர்கள் பாவு பிணைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. பழைய பாவின் இழை முனையோடு புதிய பாவின் இழை முனையை ஒவ்வொன்றாகத் திரித்து இணைப்பார்கள். நைந்த இழையோடு எவரும் பிணைப்பதில்லை, உறுதியான இழை வரும்வரை பின்னுக்குப் போவார்கள். கதவுகளின் அடியில் நீர் வடியும் சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டு நீர் தேங்கியதே துருவின் தொடக்கம். ஒரு துடைப்பக் குச்சியால் ஆண்டுக்கு இருமுறை அவற்றைக் குத்திவிட்டிருந்தால் போதும். அந்தக் குச்சியின் பணியைச் செய்யாததற்கு 22,000 ரூபாய் கொடுத்தோம்.

கூட்டிப் பாருங்கள். உருப்படியாகச் செலவானது 1,01,000. நான் அறியாமையால் இழந்தது 14,000. எஞ்சியது ஐயாயிரம். பதினைந்து ஆண்டு கடந்த மகிழுந்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ஐயாயிரம் ரூபாயாக உயர்ந்திருந்தது. எஞ்சிய பணம் அதற்குச் சரியாகப் போயிற்று. காப்பீட்டுத் தொகையை, கேட்காமலே என் தம்பி கட்டினான். 2024 நவம்பரில் வண்டி தகுதி ஆய்வில் தேறியது. இருபது ஆண்டு கடந்த மகிழுந்துகளுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் பத்தாயிரமாக்கப்பட்டது. 2029-இல் அதையும் எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அழகு என்ற ஆறாவது இனத்திற்குப் பணம் இல்லை. இருக்கைகள் கிழிந்திருந்தன. பட்டூராயிற்றே, பட்டிலேயே உறை தைக்கலாமே என்று விளையாட்டாகச் சொன்னேன். எதிர்வீட்டு நெசவாளர், "வெயிலு பட்டா பட்டு நைஞ்சிடும்மா. கண்ணாடி வழியா நாளெல்லாம் வெயிலு விழற எடத்துல பட்டா?" என்று கடிந்துகொண்டார். கெட்டிப் பருத்தித் துணியில் அம்மாவே தைத்தார்.

பழைய வண்டிகளை வைத்திருப்பது சரிதானா என்ற கேள்வியையும் நான் தவிர்க்க விரும்பவில்லை. தில்லியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்ததும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்ததும் காற்றின் நிலை கருதியே. நாள்தோறும் இந்த வண்டியில் கல்லூரிக்குச் செல்வது பொறுப்பாகாது. நான் பேருந்தில்தான் செல்கிறேன். மாதம் ஓரிரு முறை வண்டியை எடுக்கிறேன். எல்லாப் பழையதையும் காக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எதைக் காப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் முன் அதனைத் திறந்து, அளந்து, தட்டிப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பார்க்காமல் எறிவதும் பிழை, பார்க்காமல் பூசி மெழுகுவதும் பிழை. நூலுக்கும் இது பொருந்தும்.

2025 ஆடியில் அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு படவேடு சென்றோம். தம்பி ஓட்டினான். சந்தவாசல் தாண்டி மலை தெரிந்ததும், அம்மா கண்ணாடியை இறக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். வழி முழுதும் வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரும்பி வந்து கொட்டகையில் நிறுத்தியபோது, "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டும்டா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றிரவு தந்தையாரின் குறிப்பேட்டை எடுத்தேன். அவர் கையெழுத்தில் இறுதி வரி 2019 நவம்பர். அதற்குக் கீழே, என் கையெழுத்தில், செலவுகள் அனைத்தையும் வரிசையாக எழுதினேன். வீணான 14,000 ரூபாயையும் மறைக்காமல் எழுதினேன். முகப்பிலுள்ள கடிகாரம் மட்டும் இன்னும் ஓடவில்லை. அதற்குரிய உதிரி கிடைக்கவில்லை. பொருந்தாத வேறொரு கடிகாரத்தை அங்கே பொருத்த எனக்கு மனமில்லை. குறிப்பேட்டில் அந்த வரியில் புள்ளிகள் இட்டு வைத்திருக்கிறேன்.